மீன் தொட்டிக்குக் குழாய் ஒட்டும்போது: எந்தப் பசை, எங்கே, எத்தனை நேரம்

தொட்டிக்குக் கீழே சம்ப் (தண்ணீர் வடிகட்டித் திரும்பும் இரண்டாவது தொட்டி) வைத்து முதன்முதலாகக் குழாய் போடுகிறவர்களுக்கு இரண்டு பயம் இருக்கும். இணைப்பு கழன்று ராத்திரியோடு ராத்திரியாக வீடு நனைந்துவிடுமோ என்பது ஒன்று. குழாயில் தடவிய பசை தண்ணீரில் கரைந்து மீன்களைக் கொன்றுவிடுமோ என்பது இன்னொன்று. முதல் பயத்துக்கு நல்ல கைவேலை போதும். இரண்டாவது பயம்தான் பலரைத் தவறான முடிவுக்குத் தள்ளுகிறது. பிவிசி பசை விஷம் என்று யாரோ சொல்லக் கேட்டு, எல்லா இணைப்பிலும் சிலிகானை அப்பிவிடுகிறார்கள். அந்த சிலிகான் பிவிசியில் சரியாகப் பிடிப்பதில்லை, சில மாதங்களில் கசிகிறது.

ஈரமாக இருக்கும்வரை குழாய்ப் பசை மீனுக்கும் மனிதருக்கும் கெடுதல்தான். முழுக்கக் காய்ந்து, ஒருமுறை கழுவிவிட்ட பிறகு அதில் பயப்பட ஒன்றும் இல்லை. குடிநீர்க் குழாய்களையே அதே பசையால்தான் ஒட்டுகிறார்கள். ஆகவே எந்தப் பொருளுக்கு எந்தப் பசை என்று சரியாகத் தேர்ந்தெடுப்பதும், அது காயும்வரை பொறுத்திருப்பதும்தான் இந்த வேலையில் முக்கியம்.

குழாய்ப் பசை என்ன செய்கிறது?

பிவிசி பசை என்று டப்பாவில் வருவது சால்வென்ட் சிமென்ட். வழக்கமான பசை இரண்டு பரப்புகளுக்கு நடுவே ஒரு படலமாக நின்று பிடித்துக்கொள்ளும். இது அப்படி வேலை செய்வதில்லை. டெட்ராஹைட்ரோஃபியூரான், மெத்தில் எத்தில் கீட்டோன், சைக்ளோஹெக்சனோன், அசிட்டோன் போன்ற கரைப்பான்களில் கொஞ்சம் பிவிசி பிசினைக் கரைத்து வைத்திருப்பார்கள். தடவியதும் குழாயின் வெளிப்பரப்பும் சாக்கெட்டின் (குழாய் நுழையும் ஃபிட்டிங்கின் வாய்) உள்பரப்பும் இளகிவிடும். இரண்டையும் சேர்த்து அழுத்தும்போது இளகிய பிளாஸ்டிக் ஒன்றோடொன்று கலக்கிறது. கரைப்பான் ஆவியாகிப் போனதும் மிஞ்சுவது பிவிசி மட்டும்தான். இரண்டு துண்டுகளும் ஒரே துண்டாக ஆகியிருக்கும். மீனுக்கு ஆபத்து அந்தக் கரைப்பானில் இருக்கிறது. அது போய்விட்டால் ஆபத்தும் போய்விட்டது.

இதைப் புரிந்துகொண்டால் மற்ற விதிகள் எல்லாம் தாமாகவே விளங்கும். பசை அதிகமாகக் குழாய்க்குள் தேங்கினால் கரைப்பான் வெளியேற வழியில்லாமல் நாள்கணக்கில் உள்ளேயே இருக்கும். பிவிசியைக் கரைக்கும் திரவம் வேறு பிளாஸ்டிக்கைக் கரைக்க வேண்டும் என்று இல்லை. கண்ணாடியை எந்தக் கரைப்பானும் இளக்காது என்பதால் அங்கே இந்தப் பசைக்கு வேலையே கிடையாது.

பொருளைப் பார்த்துப் பசையை எடுங்கள்

வெள்ளையோ சாம்பல் நிறமோ, யுபிவிசி (விறைப்பான சாதாரண பிவிசி) குழாய்க்கு பிவிசி சிமென்ட். சிபிவிசிக்கு (சுடுநீர் தாங்கும் வகை) அதற்கென்றே வரும் சிமென்ட். ஏபிஎஸ் பிளாஸ்டிக்குக்குத் தனி. வளையக்கூடிய கெட்டியான பிவிசி ஹோஸ் என்றால், நெகிழும் குழாய்க்கு என்று எழுதியிருக்கும் சிமென்ட்தான் வேண்டும். சாதாரணப் பசை காய்ந்ததும் விறைத்துப்போய், ஹோஸ் ஆடும்போது விரிசல் விடும். அக்ரிலிக்கை ஒட்ட வேறு வகை கரைப்பான் இருக்கிறது. பாலிஎத்திலீன், பாலிப்ரொப்பிலீன் இரண்டிலும் சாதாரணப் பசை எதுவும் நிற்காது. அந்தப் பாகங்களை மரை வைத்தோ, கிளாம்ப் போட்டோ, அழுத்திச் செருகும் ஃபிட்டிங் கொண்டோ இணைத்துக்கொள்ளுங்கள்.

டப்பாவை எடுத்ததும் மூன்று விஷயங்களைப் பாருங்கள். எந்தப் பிளாஸ்டிக்குக்கு என்று எழுதியிருக்கிறது? குடிநீர்க் குழாய்களுக்கு ஏற்றது என்ற குறிப்பு இருக்கிறதா? அமெரிக்கத் தரப்படி என்றால் என்எஸ்எஃப் 61 என்றோ, குடிநீர்க் குழாய்க்கான என்எஸ்எஃப் முத்திரையோ இருக்கும். கடைசியாக, மூடியைத் திறந்து பாருங்கள். தேன்போல வழிந்தால் நல்லது. கட்டிகட்டியாகவோ ஜெல்லி மாதிரியோ இருந்தால் தூக்கிப் போடுங்கள். தின்னர் ஊற்றி இளக்கிப் பயன்படுத்தவே கூடாது.

அளவையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கசிவுக்கு இது அடிக்கடி காரணமாகிறது. குழாய்களில் அங்குல அளவு ஒன்று, மில்லிமீட்டர் அளவு ஒன்று என்று இரண்டு குடும்பங்கள் உண்டு. அரை அங்குலக் குழாயின் வெளி விட்டம் சுமார் 21.3 மி.மீ.; மெட்ரிக்கில் அதற்குப் பக்கத்தில் வருவது 20 மி.மீ. ஒரு அங்குலக் குழாய் 33.4 மி.மீ.; பக்கத்து மெட்ரிக் அளவு 32. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். அங்குல சாக்கெட்டில் மெட்ரிக் குழாய் லொடலொட என்று போகும், அந்த இடைவெளியைப் பசையால் அடைத்துவிடலாம் என்று தோன்றும். அடைக்க முடியாது. குழாயும் ஃபிட்டிங்கும் ஒரே குடும்பமாக இருக்கட்டும்.

முதலில் பசையில்லாமல்

தொட்டிக் குழாயில் அழுத்தம் மிகக் குறைவு. 10 மீட்டர் உயரத் தண்ணீர் சேர்ந்தால்தான் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் வரும். சம்பிலிருந்து தொட்டிக்கு உயரம் ஒன்றரை மீட்டர் என்றால் சுமார் 0.15 பார்தான். வீட்டுக் குடிநீர்க் குழாய் தாங்குவதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆகவே மூட்டு பிய்த்துக்கொண்டு போகும் என்று பயந்து பசையை அள்ளிப் பூச வேண்டிய அவசியம் இல்லை. இங்கே தொல்லை தருவது சொட்டுச் சொட்டாகக் கசியும் மெல்லிய கசிவும், உள்ளே தங்கிவிட்ட ஈரப் பசையும்தான். இரண்டுக்கும் ஒரே மருந்து: ஒட்டும் மூட்டுகளின் எண்ணிக்கையைக் குறைப்பது.

குழாய்ப் பாதையைக் காகிதத்தில் வரையுங்கள். ஒவ்வொரு எல்போவையும் பார்த்து, இது தேவைதானா என்று கேளுங்கள். ரிட்டர்ன் பம்பிலிருந்து (சம்பின் தண்ணீரைத் தொட்டிக்கு ஏற்றும் பம்பு) கிளம்பும் இடத்தில் சிறு நீளம் மெத்தென்ற ஹோஸ் போட்டு கிளாம்ப் மாட்டினால், பம்பின் அதிர்வு விறைத்த குழாய்க்குப் போகாது, சத்தமும் குறையும். கடல்நீர்த் தொட்டியில் உலோகக் கிளாம்ப் துருப்பிடிக்கும், பிளாஸ்டிக் கிளாம்ப் வாங்குங்கள். பம்புக்கு அருகே ஒரு யூனியன் (திருகிக் கழற்றக்கூடிய இணைப்பு), ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும் ஒரு யூனியன் கட்டாயம் வைக்கச் சொல்வேன். பம்பைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டிய நாள் வரத்தான் போகிறது. யூனியன் இல்லாவிட்டால் அன்றைக்குக் குழாயை அறுப்பதைத் தவிர வழி இருக்காது. அப்புறம், இரண்டு ஃபிட்டிங்குகளுக்கு நடுவே சில அங்குலமாவது நேர்க்குழாய் விடுங்கள். ஒரு மூட்டு கெட்டுப்போனால் வெட்டிவிட்டு கப்ளிங் (இரண்டு குழாய் முனைகளைச் சேர்க்கும் ஃபிட்டிங்) போட அந்த இடம் வேண்டும்.

இப்போது எல்லாவற்றையும் வெட்டி, பசை இல்லாமல் செருகி, தொட்டியின் கீழே வைத்துப் பாருங்கள். நல்ல ஃபிட்டிங்கில் உலர்ந்த குழாய் சாக்கெட்டின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் மூன்றில் இரண்டு பங்கு வரைதான் போய் இறுகும். முழுக்க உள்ளே போய் ஆடினால் அளவு பொருந்தவில்லை என்று அர்த்தம். புதியவர்கள் கணக்கில் தவறுவதும் இங்கேதான். பசை தடவியதும் குழாய் வழுக்கிக்கொண்டு சாக்கெட்டின் அடிவரை போய்விடும். அதனால் ஒட்டி முடித்த அமைப்பு, செருகிப் பார்த்த அமைப்பைவிடக் குட்டையாக இருக்கும். நான்கைந்து மூட்டுகள் வரிசையாக இருந்தால் மொத்தத்தில் பல சென்டிமீட்டர் குறைந்து, குழாய் பல்க்ஹெட்டை (தொட்டிச் சுவரின் துளையில் மாட்டும் ஃபிட்டிங்) எட்டாமலே போகும். ஆகவே சாக்கெட்டின் ஆழத்தை அளந்து, அந்த நீளத்தைக் குழாயில் மார்க்கரால் கோடு போட்டு, அதை வைத்து வெட்டும் நீளத்தைக் கணக்கிடுங்கள்.

உங்களுக்கும் மீனுக்கும் பாதுகாப்பு

ஒட்டும் வேலையைத் தொட்டி இருக்கும் அறையில் செய்யாதீர்கள். மொட்டை மாடி, வராந்தா, கதவு திறந்த கூடம், எங்கே காற்று ஓடுகிறதோ அங்கே செய்யுங்கள். இந்தக் கரைப்பான்களின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து தேங்கும். எளிதில் தீப்பிடிக்கும். எரியும் அடுப்பு, ஊதுவத்தி, சிகரெட், பொறி பறக்கும் மோட்டார் எதுவும் அருகில் இருக்கக் கூடாது. தொட்டிக்கு அடியில் உள்ள பெட்டிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு ஒட்டுவதுதான் மிக மோசம். ஆவி முழுக்க அங்கேதான் நிற்கும், சில நிமிடங்களில் தலை சுற்றும். பெரும்பாலான மூட்டுகளை வெளியே ஒட்டிக் கொண்டுவந்து, உள்ளே யூனியனை மட்டும் திருகுகிற மாதிரி திட்டம் போட்டால் இந்த அவஸ்தையே வராது.

தூசிக்குப் போடும் முகக்கவசம் இந்த ஆவியை நிறுத்தாது. கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் பொருத்திய கவசம்தான் நிறுத்தும். அது இல்லாதவர்களுக்குத் திறந்தவெளிதான் பாதுகாப்பு. மெல்லிய நைட்ரைல் கையுறை தெறிப்புக்கு உதவும், ஆனால் கீட்டோன் வகைக் கரைப்பான்கள் அதைச் சீக்கிரமே ஊடுருவிவிடும். பசை பட்டால் உடனே கழற்றி வேறு மாட்டுங்கள். கண்ணில் தெறித்தால் 15 நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

ஏற்கெனவே மீன் உள்ள தொட்டியில் ஏதோ சேர்க்கிறீர்கள், அறைக்குள்ளேதான் ஒட்டியாக வேண்டும் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். ஏர் பம்பு அறைக் காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள் ஊதுகிறது. புரோட்டீன் ஸ்கிம்மரும் (கடல்நீர்த் தொட்டியின் கழிவை நுரையாகப் பிரிக்கும் கருவி) அதையேதான் செய்கிறது. அறையில் பசை நெடி இருக்கும்போது இவை ஓடினால் அந்த ஆவி நேராகத் தண்ணீரில் கலக்கும். ஒட்டும் நேரத்தில் இரண்டையும் நிறுத்துங்கள், அல்லது காற்று உறிஞ்சும் குழாயை ஜன்னலுக்கு வெளியே நீட்டுங்கள். ஜன்னல்களைத் திறந்து, காற்றாடியை வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள். நெடி முழுக்கப் போன பிறகு மறுபடி ஓட விடலாம்.

ஒட்டும் முறை

குழாயை நேராக வெட்டுங்கள். சாய்வாக வெட்டினால் ஒட்டும் பரப்பு ஒரு பக்கம் குறையும். ஹாக்ஸா பிளேடால் அறுத்தால் பிசிறு நிற்கும். உள்ளேயும் வெளியேயும் கத்தியாலோ உப்புத்தாளாலோ எடுத்துவிடுங்கள். வெளி விளிம்பை அரத்தால் லேசாகச் சரித்துவிட்டால், உள்ளே போகும்போது அது பசையை வழித்துத் தள்ளாது. உள்ளே தங்கிய பிசிறு பின்னால் கழன்று பம்பின் இறக்கையில் போய்ச் சிக்கும், ஆகவே சோம்பல்படாமல் எடுங்கள். பிறகு சுத்தமான உலர்ந்த துணியால் துடையுங்கள். ஈரமோ எண்ணெயோ இருக்கக் கூடாது.

எல்போ எந்தத் திசையைப் பார்க்க வேண்டுமோ அதற்கேற்பக் குழாயிலும் ஃபிட்டிங்கிலும் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பசை பிடித்த பிறகு திருப்ப முடியாது.

பிரைமர் (சிமென்ட்டுக்கு முன் பரப்பைத் துடைத்து இளக்கும் திரவம்) கேட்கும் சிமென்ட் என்றால் முதலில் சாக்கெட்டிலும் பிறகு குழாயிலும் பிரைமர் தடவுங்கள். ஊதா நிறத்தில் வருவது சாயம்தான். தடவியிருக்கிறார்களா என்று பார்வையிடுபவருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சேர்ப்பது. வெளியே தெரியும் குழாயில் கறை பிடிக்காதிருக்க நிறமில்லாத பிரைமர் வாங்கலாம். பிரைமரே வேண்டாம் என்கிற சிமென்ட்களும் உண்டு, டப்பா சொல்வதைக் கேளுங்கள்.

பிரைமர் ஈரமாக இருக்கும்போதே சிமென்ட் தடவ வேண்டும். குழாயின் வெளிப்பக்கம், கோடு போட்ட இடம்வரை முழுக்க, இடைவெளி விடாமல். சாக்கெட்டின் உள்ளே மெல்லிய பூச்சு போதும். இந்த வித்தியாசம் மீன் தொட்டிக்கு ரொம்ப முக்கியம். குழாயில் மிகுதியாக இருந்தால் அது வெளியே பிதுங்கும், துடைத்துவிடலாம். சாக்கெட்டில் மிகுதியாக இருந்தால் குழாய் அதை உள்ளே தள்ளிக்கொண்டு போய், தண்ணீர் ஓடும் பாதையில் தேக்கி வைக்கும். அந்தத் தேக்கம் காய எத்தனை நாள் ஆகும் என்று சொல்ல முடியாது, கூடவே அந்த இடத்துக் குழாயையும் பலவீனமாக்கும்.

உடனே செருகுங்கள். திசைக்கோட்டிலிருந்து கால் சுற்று தள்ளி ஆரம்பித்து, உள்ளே தள்ளிக்கொண்டே திருப்பினால், அடியைத் தொடும்போது கோடுகள் நேராக வந்து நிற்கும். அடியைத் தொட்ட பிறகு திருப்பாதீர்கள். அப்படியே 30 நொடி அழுத்திப் பிடியுங்கள். சாக்கெட் உட்புறம் குறுகலாக இருப்பதால் குழாய் மெல்லப் பின்னுக்கு வரப் பார்க்கும். விட்டுவிட்டால் மூட்டு அரைகுறையாக நிற்கும். விளிம்பைச் சுற்றி இடைவெளி இல்லாமல் மெல்லிய பசை வளையம் தெரிந்தால் அளவு சரி. மிச்சத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள்.

பால் வால்வை ஒட்டும்போது கூடுதல் கவனம் வேண்டும். பசை உள்ளே வழிந்தால் பந்து ஒட்டிக்கொண்டு வால்வு திரும்பவே திரும்பாது. வால்வைத் திறந்த நிலையில் வையுங்கள், சாக்கெட்டில் மிக மெல்லியதாகத் தடவுங்கள், முடிந்தால் வால்வின் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துக் குழாயைக் கீழிருந்து செருகுங்கள்.

ஒட்டி முடித்த துண்டுகளின் முனைகளை மூடி வைக்காதீர்கள். இரண்டு பக்கமும் காற்று நுழைந்து போகட்டும், முடிந்தால் காற்றாடி முன்னால் கிடத்துங்கள்.

எவ்வளவு நேரம் காய வேண்டும்?

சின்ன விட்டக் குழாய் சில நிமிடங்களில் பிடித்துவிடும், சில மணி நேரத்தில் தண்ணீர் விடலாம் என்றுகூட டப்பா சொல்லும். அது மூட்டின் பலத்துக்குச் சொன்ன கணக்கு. மீன் வாழும் தண்ணீருக்கு 24 மணி நேரத்துக்குக் குறைவாக நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். குளிர் நாளிலும் ஈரப்பதம் மிகுந்த மழைக்காலத்திலும் அதன்மேல் இன்னும் பாதி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். குழாய் பெரிதாக ஆக நேரமும் கூடும். முனையில் மூக்கை வைத்துப் பாருங்கள். நெடி இருக்கிறதென்றால் கரைப்பான் இன்னும் இருக்கிறது, நேரம் என்ன ஆகியிருந்தாலும் சரி.

மரை இணைப்புகள்

மரையில் பிவிசி சிமென்ட் போடாதீர்கள். டெஃப்லான் டேப் போதும். மரையின் முனை உங்களைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, கடிகாரச் சுற்றில் மூன்று நான்கு சுற்று, இழுத்துச் சுற்றுங்கள். மாறிச் சுற்றினால் இறுக்கும்போது டேப் சுருண்டு வெளியே வந்துவிடும். முனையைத் தாண்டி டேப் தொங்கினால் வெட்டிவிடுங்கள். அந்த நார் பம்புக்குள் போகும்.

கையால் இறுக்கியபின் ஸ்பானரால் ஒன்று, அதிகம் போனால் ஒன்றரைச் சுற்று. பிளாஸ்டிக்கின் பெண் மரை (உட்பக்கம் மரை உள்ள வாய்) அதற்குமேல் தாங்காது, மயிரிழை விரிசல் விடும். அந்த விரிசல் அன்றைக்குக் கசியாமல் பின்னால் ஒருநாள் கசியும். குழாய் வேலைக்குப் பயன்படும் எண்ணெய் கலந்த பேஸ்ட்டுகள், சணலோடு பூசும் வெள்ளைப் பூச்சு போன்றவை தொட்டிக்கு வேண்டாம். பித்தளை, செம்பு ஃபிட்டிங்குகளும் வேண்டாம். செம்பு மிகச் சிறு அளவில் கரைந்தாலே இறால், நத்தை, பவளம் எல்லாம் செத்துப்போகும். துத்தநாகம் பூசிய இரும்பையும் அதே பட்டியலில் வையுங்கள்.

யூனியனில் உள்ள ஓ-ரிங்குக்குப் பசையும் டேப்பும் தேவையில்லை. அது ரப்பர் அழுந்துவதால் மூடிக்கொள்வது. உலர்ந்திருந்தால் சிலிகான் கிரீஸ் துளி தடவலாம். பெட்ரோலியம் ஜெல்லி பல வகை ரப்பரை உப்பவைத்துக் கெடுத்துவிடும்.

பல்க்ஹெட்

கண்ணாடியில் துளை போட்டு மாட்டும் பல்க்ஹெட்டில் கேஸ்கெட் (ரப்பர் வளையம்) விளிம்புப் பக்கம் வர வேண்டும், நட்டுப் பக்கம் வரக் கூடாது. விளிம்பைத் தொட்டிக்கு உள்ளே வைப்பது வழக்கம். துளையைச் சுற்றிக் கண்ணாடியை நன்றாகத் துடையுங்கள். ஒரு மணல் துகள் போதும் கசிவுக்கு. கையால் இறுக்கி அதன்மேல் கால் சுற்று. கேஸ்கெட்டுக்கு சிலிகான் பூசும் பழக்கம் பலரிடம் உண்டு. அது வேண்டியதில்லை. ஈர சிலிகானில் கேஸ்கெட் வழுக்கி ஒதுங்கிவிடும், பின்னால் கழற்றும்போது கண்ணாடிக்கே ஆபத்து.

பல பல்க்ஹெட்கள் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கால் ஆனவை. அதில் பிவிசி குழாயை நேராக ஒட்டுவதைவிட, மரை உள்ள பல்க்ஹெட் வாங்கி பிவிசி அடாப்டரைத் திருகிக்கொள்வது நிம்மதி. துளை போடும் முன் அந்தக் கண்ணாடி டெம்பர் செய்ததா (சூடாக்கிக் கடினப்படுத்தியதா) என்று உறுதிசெய்யுங்கள். டெம்பர் கண்ணாடியைத் துளைத்தால் முழுத் தகடும் நொறுங்கிவிடும்.

சிலிகான் எங்கே, எது?

கண்ணாடியைக் கண்ணாடியோடு ஒட்ட சிலிகானை மிஞ்சியது இல்லை. ஓவர்ஃபுளோ பெட்டியின் (தொட்டியில் வழியும் தண்ணீரைச் சம்புக்கு இறக்கும் பெட்டி) கண்ணாடித் தடுப்பு, சம்பின் உள்தடுப்புகள் எல்லாம் அதன் வேலை. பிவிசியிலும் அக்ரிலிக்கிலும் அது மேலோட்டமாகத்தான் பிடிக்கும், நகத்தால் உரித்துவிடலாம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டிய இடம் இது. 100% சிலிகான் என்று எழுதியிருந்தால் போதும் என்று பலர் சொல்வார்கள். போதாது. குளியலறைக்கும் சமையலறைக்கும் வரும் சிலிகான்களில் பூஞ்சை பிடிக்காதிருக்க நச்சு மருந்து சேர்த்திருப்பார்கள். அவற்றிலும் 100% சிலிகான் என்று எழுதியிருக்கலாம். பூஞ்சையைத் தடுக்கும், கருமை படியாது என்று ஏதாவது வாசகம் இருந்தால் அந்தக் குழலைத் தொடாதீர்கள். அந்த மருந்து நாளாக நாளாகத் தண்ணீரில் இறங்கும், காய்ந்த பிறகும்கூட. மீன் தொட்டிக்கு உகந்தது என்று வெளிப்படையாக எழுதியிருப்பதை வாங்குங்கள். சில சிலிகான்கள் ஒரே பெயரில் பல வகையாக வரும், முன்பு வாங்கிய அதே பெயர் என்று நம்பாமல் ஒவ்வொரு முறையும் பின்பக்கத்தைப் படியுங்கள்.

வினிகர் நெடி அடிக்கும் சிலிகான் அசிட்டாக்ஸி வகை. காயும்போது அசிட்டிக் அமிலம் வெளிவிடும். கண்ணாடித் தொட்டிக்குப் பெரும்பாலும் பயன்படுவது இதுதான். நெடி குறைவான நியூட்ரல் வகைகளில் சிலது காயும்போது ஆக்சைம் என்ற சேர்மத்தை வெளிவிடும். தொட்டிக்கென்று குறிப்பிடாத நியூட்ரல் வகையைப் புதியவர்கள் தவிர்ப்பது நல்லது.

சிலிகான் காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டு வெளியிலிருந்து உள்நோக்கிக் காயும். 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 2, 3 மில்லிமீட்டர் ஆழம்தான் இறுகும். மேலே தொட்டால் ஒட்டவில்லை என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். மெல்லிய ஓரப்பூச்சுக்கு 48 மணி நேரம், தடித்த மூட்டுக்கு ஒரு வாரம் விடுங்கள். வினிகர் நெடி முழுக்கப் போன பிறகே தண்ணீர். ஈரக் கண்ணாடியில் சிலிகான் பிடிக்காது. பழைய சிலிகான்மேல் புதியதும் சரியாகப் பிடிக்காது; பழையதை பிளேடால் முழுக்கச் சுரண்டி, ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, அது ஆவியான பிறகு பூச வேண்டும்.

பவளத் துண்டையும் பாசியையும் கல்லில் ஒட்ட சயனோஅக்ரிலேட் ஜெல், அதாவது சூப்பர் பசை, நல்லது. தண்ணீர் பட்டதும் இறுகிவிடும். குழாய் மூட்டுக்கு அது உதவாது. தண்ணீருக்கடியில் இறுகும் இரண்டு பாக எப்பாக்ஸி களிமண் கல்லை நிறுத்த உதவும், இரண்டு பாகத்தையும் ஒரே நிறம் வரும்வரை பிசைய வேண்டும். அதைப் போட்ட பிறகு சில நாள் புரோட்டீன் ஸ்கிம்மர் நுரை பொங்கி வழியலாம், கோப்பையைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

கழுவலும் கசிவுச் சோதனையும்

எல்லாம் காய்ந்ததா? சரி, இப்போது வெறும் தண்ணீர் நிரப்புங்கள். உப்பு, மணல், மீன் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு மூட்டுக்கும் கீழே ஒரு டிஷ்யூ காகிதம் வையுங்கள்; கண்ணுக்குத் தெரியாத துளியையும் அது காட்டிக்கொடுக்கும். சம்பின் நீர்மட்டத்தில் கோடு போட்டு, பம்பை 24 மணி நேரம் ஓட விடுங்கள். இடையில் பம்பை நிறுத்தி, மேலிருந்து திரும்பி வரும் தண்ணீர் முழுவதையும் சம்ப் தாங்குகிறதா என்று கட்டாயம் பாருங்கள். மின்சாரம் நிற்கும்போது நடக்கப்போவது அதுதான்.

பிறகு அந்தத் தண்ணீர் முழுவதையும் கொட்டிவிடுங்கள். புதுத் தண்ணீர் நிரப்பி இன்னொரு தடவை சில மணி நேரம் ஓட்டிக் கொட்டினால் இன்னும் நல்லது. அப்புறம் தொட்டியை அமைக்கும்போது ஆக்டிவேட்டட் கார்பன் ஒரு பை சம்பில் போட்டு வைத்தால், மிஞ்சிய கரிமப் பொருள்களை அது பிடித்துக்கொள்ளும்.

ஓடும் தொட்டியில் கசிவு வந்தால்

கசியும் மூட்டின்மேல் வெளியே பசையைப் பூசுவதில் பயனில்லை. சால்வென்ட் சிமென்ட் உள்ளே, இரண்டு பரப்புகளும் உரசும் இடத்தில் வேலை செய்வது. வெளிப்பூச்சு ஈரத்தில் நிற்காது, வழிந்து தண்ணீரில் கலக்கவும் கூடும். பம்பை நிறுத்தி, வால்வை மூடி, அந்தப் பகுதியைக் காலி செய்யுங்கள். மூட்டை வெட்டி எடுத்துவிட்டு, காய்ந்த குழாயில் கப்ளிங்கோ யூனியனோ ஒட்டுங்கள். முதலிலேயே நேர்க்குழாய் விட்டு வைத்திருந்தால் இது சின்ன வேலை. அது காயும் 24 மணி நேரத்துக்குத் தொட்டிக்குள் தனியாக ஒரு ஏர் ஸ்டோனும், சின்ன பம்பும் வைத்து நீரோட்டம் கொடுங்கள். நெடி போகும்வரை ஏர் பம்பின் காற்று வெளியிலிருந்து வரட்டும். ஃபில்டர் மீடியாவைத் தொட்டித் தண்ணீரிலேயே நனைத்து, காற்றுக் குமிழி படும்படி வையுங்கள். அதிலுள்ள நல்ல பாக்டீரியா சாகாமல் இருக்கும்.

கடல்நீர்த் தொட்டியில் மூட்டைச் சுற்றி வெள்ளையாக உப்புப் படிந்து வளர்ந்தால் அது மெல்லிய கசிவின் அடையாளம். துடைத்துவிட்டு மறந்துவிடாமல், மறுபடி எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள்.

ஒட்டு வேலைக்குப் பிறகு மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, நிலை தடுமாறி நீந்தினாலோ, தண்ணீரின்மேல் எண்ணெய்ப் படலம் மின்னினாலோ, பசை நெடி தண்ணீரில் வந்தாலோ காத்திருக்க வேண்டாம். புதுக் குழாய்ப் பகுதியை உடனே துண்டியுங்கள். குளோரின் நீக்கிய, அதே வெப்பநிலையில் உள்ள தண்ணீரால் பாதியை மாற்றுங்கள். காற்றோட்டத்தைக் கூட்டுங்கள், அது ஆக்சிஜனையும் கொடுக்கும், ஆவியாகக்கூடியதை வெளியேற்றவும் செய்யும். புதிய கார்பன் போடுங்கள். வேறு தொட்டி தயாராக இருந்தால், அதன் தண்ணீர் பழகிய தண்ணீர் என்றால், மீன்களை அங்கே மாற்றிவிடுங்கள். மறுநாளும் நெடி இருந்தால் இன்னொரு முறை தண்ணீர் மாற்றிக் கார்பனையும் மாற்றுங்கள். துண்டித்த பகுதியை வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் சில நாள் திறந்து காயவிட்டு, தனி வாளியில் ஊறவைத்து முகர்ந்து பார்த்த பிறகே மறுபடி மாட்டுங்கள்.